கச்சேரி ரோட்டு மரங்களுக்கு ஓர் அறிவிப்பு

நகராட்சித் தீர்மானத்துக்கு மரம் கட்டுப்படுமா என்று கேட்கிறவர்கள் எங்கள் மருதங்கால் ஊருக்கு வந்து போகாதவர்கள். மனிதர்கள் கட்டுப்பட்டதில்லை என்பது உண்மைதான். வீட்டு வரி, தெருநாய், சாக்கடையில் குப்பை என்று எத்தனையோ தீர்மானம் போட்டோம், ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. ஆனால் கச்சேரி ரோட்டின் இரண்டு ஓரத்திலும் நின்ற நாற்பத்து நாலு மரங்கள், புங்கனும் வேம்பும் வாகையுமாக நாற்பத்து நாலும், ஒரே ஒரு தீர்மானத்துக்கு ஒன்றரை வருடம் இம்மி பிசகாமல் கட்டுப்பட்டு நின்றன. அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். அதில் பிழை விட்டவனும் நான்தான்.

பெயர் திரவியம். அப்போது நகராட்சி அலுவலகத்தில் கிளார்க். இப்போது ஓய்வு பெற்று, மகள் வாங்கிய அடுக்குமாடி வீட்டில், எட்டாவது மாடியில் காலம் தள்ளுகிறேன். இங்கே ஜன்னலைத் திறந்தால் இலை தெரியாது. ஆனாலும் அக்டோபர் பதினைந்தாம் தேதி காலை எட்டு மணி ஆனால் என்னையும் அறியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிடுகிறேன், அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று மகள் மருமகனைப் பார்க்கிறாள்.

கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை, கோர்ட்டுக்கு எங்கள் பக்கத்துப் பழைய பேர். கோர்ட்டு வாசலில் தொடங்கி நகராட்சி அலுவலக வாசலில் முடிகிற ரோடு அது, ஓரத்துக்கு இருபத்திரண்டு மரம். கோர்ட்டை ஒட்டின வீட்டு மாடியறையில் ஆசீர்வாதம் அண்ணாச்சி குடியிருந்தார். ஆறு வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போனவர். எங்கள் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அவர் காது இருக்கிறதே, அதைக் காது என்று சொல்வது குறைவு. வாசலில் இருமினால் எந்த காண்ட்ராக்டர் என்று சொல்வார். ரோட்டில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டால் முப்பிடாதி கிழக்கே பார்த்து நின்று கூட்டுகிறாளா மேற்கே பார்த்து நின்று கூட்டுகிறாளா என்று சொல்லிவிடுவார். நாங்கள் பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறோம்.

முப்பிடாதி கச்சேரி ரோட்டின் துப்புரவுப் பணியாளர். கோர்ட்டுப் பக்கம் தொடங்கி அலுவலகத்தைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே வருவாள். ரோடு முழுக்கத் துடைத்து எடுத்த மாதிரி இருக்கும், வலது ஓரத்தில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சருகைத் தொடாமல் விட்டுவிடுவாள். கோர்ட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரைக்கும் நூல் பிடித்த மாதிரி போகும் அந்தச் சருகு வரி. சுகாதார ஆய்வாளர் மதார் சார் மாதம் ஒருமுறையாவது கேட்பார்: “ஏம்மா, ஓரத்துல மட்டும் விட்டு வச்சிருக்கியே, ஏதும் நேர்ச்சையா?”

“கெடக்கட்டும் சார். காத்தடிச்சா அதுவா போயிரும்.”

அது போகாது, போனால் மறுநாள் மறுபடி போடுவாள். இலை குறைந்த மாதங்களுக்கென்று சாக்கில் சருகு சேர்த்து வைத்திருந்தாள். ஆசீர்வாதம் அண்ணாச்சி காலை எட்டரைக்கு இறங்கி அந்தச் சருகின் மேல் நடந்து அலுவலகம் வருவார். காலடியில் நொறுங்குகிற வரைக்கும் பாதை சரி, சத்தம் நின்றால் ஒரு எட்டு வலது பக்கம். மழைக்காலத்தில் சருகு நனைந்து ஊமையாகிவிடும், அப்போது நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். மற்ற நாளெல்லாம் அவருக்கு யார் கையும் வேண்டாம். முன்னால் கூட்டிக்கொண்டு போகிற முப்பிடாதிக்கு அவர் முதுகுப் பக்கம். இருந்தாலும் நாலு மரத்துக்கு அந்தப்பக்கம் சருகு நொறுங்குகிற சத்தத்திலேயே, திரும்பிப் பார்க்காமல், “வாங்க சார்” என்பாள். அவரும் “பாதை போட்டாச்சா?” என்பார். பத்து வருடமாக இருவருக்கும் இடையில் இருந்த பேச்சு இவ்வளவுதான். எனக்குத் தெரிந்து ஊரிலேயே பொய் கலக்காத பேச்சு அது ஒன்றுதான்.

அந்த வருடம் தை மாதத்தில் எங்கள் நகராட்சிக்கு இலை ஊதுகிற மெசின் வந்தது. பெட்ரோல் ஊற்றி, மருந்தடிக்கிற டப்பா மாதிரி முதுகில் மாட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்தால் கத்த ஆரம்பிக்கும். கையில் பிடித்த குழாய் வழியாகச் சூறைக்காற்று வரும். தோள் பலம் பார்த்து முப்பிடாதியைத் தேர்ந்தெடுத்தார்கள். தலைவி செண்பகவல்லி அம்மா தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்தார். முதல் நாளே நாற்பத்து நாலு மரத்துச் சருகும் முக்கால் மணி நேரத்தில் போய்விட்டது, ஓரத்து ஒரு முழமும் சேர்ந்து போய்விட்டது, ஏனென்றால் அந்த மெசினுக்கு இதை எடு அதை விடு என்று சொன்னால் தெரியாது. மறுநாள் ஆசீர்வாதம் அண்ணாச்சி மூன்றாவது மரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, ஏழாவது மரத்தடியில் சாக்கடைக்குள் ஒரு காலை விட்டுவிட்டு, வேட்டியெல்லாம் சேறாக வந்து சேர்ந்தார்.

அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து என்னை சுவிட்ச்போர்டு அறைக்குக் கூப்பிட்டு, “தம்பி, ஒரு மனு எழுதணும். நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க” என்றார்.

“சாக்கடைக்கு மூடி போடணும்னா அண்ணாச்சி?”

“மூடி கெடக்கட்டும். முப்பிடாதி முன்னால நாலு மரத்துக்கு அங்கன நான் வந்தாலே கூப்பிடுவா. இப்ப மெசின இறக்கி வச்சப் பொறவு, சும்மா நிக்கும்போது, சருகுல நடந்து பாத்தேன். மூணு மரம் கிட்ட வந்தாத்தான் கூப்பிடுதா. ரெண்டே வாரத்துல ஒரு மரம் போயிட்டு, திரவியம்.”

ஊரில் யாருக்கும் தெரியாத கணக்கு அது. அவளுக்கே தெரியாது. சொன்னால், “எனக்கு என்ன சார், காதுல பஞ்சு வச்சிருக்கேன்லா” என்று சிரித்தாள். அவளுக்கு அந்த மெசின் பிடித்துத்தான் இருந்தது. “விளக்குமாறு புடிச்சா ஒருத்தன் மூஞ்சியப் பாக்க மாட்டான் கிளார்க் சார். மெசின மாட்டுனா வக்கீலு கூட ஒதுங்கி நின்னு வழி விடுதான்.” அதுவும் உண்மைதானே.

மனு மன்றத்துக்குப் போனது. மெசினை நிறுத்த முடியாது, கட்டுப்படுத்த ஒரு விதிமுறை எழுதிக் கொண்டு வா என்று தலைவி சொல்லிவிட்டார். விதிமுறைக்கு நான் எங்கே போவேன்? அலுவலகக் கம்ப்யூட்டரில் தேடினேன். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரின் நகராட்சி இதே மெசினுக்கு அருமையாக ஒரு விதி எழுதி வைத்திருந்தது. உட்கார்ந்து தமிழாக்கினேன். ஊர்ப் பெயரை மாற்றினேன், அதிகாரியின் பெயரை மாற்றினேன், மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை உணவு இடைவேளை என்று முப்பிடாதிக்காக என் கையிலிருந்து ஒரு வரி சேர்த்தேன். இப்படி வந்தது: பெட்ரோலால் இயங்கும் மேற்படி இயந்திரத்தை இலையுதிர் காலமான அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 முடிய மட்டும், காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை, மதியம் 1 முதல் 2 வரை உணவு இடைவேளையும், ஞாயிறு மற்றும் அரசு விடுமுறை நாட்களும் நீங்கலாக, இயக்க அனுமதிக்கப்படுகிறது.

அந்த ஊரில் இலை உதிர்வது அக்டோபரில். எங்கள் ஊரில் உதிர்வது மாசி பங்குனியில். பிறந்ததிலிருந்து அந்த ரோட்டில் நடக்கிறவன், என் தலையிலேயே சருகு விழுந்திருக்கிறது, ஆனால் டைப் அடிக்கும்போது ஒரு நிமிடம்கூட அது நினைவுக்கு வரவில்லை.

மன்றத்திலும் யாருக்கும் வரவில்லை. எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பொருள் எண் இருபது வரைக்கும் அடிதடி நடக்கும். அதற்குமேல் உளுந்தவடை வந்துவிடும். வடை வந்த பிறகு வாசிக்கிற பொருளெல்லாம் ஒருமனதாக நிறைவேறும், வாயில் வடையோடு எதிர்க்க முடியாது பாருங்கள். என்னுடையது பொருள் எண் இருபத்து மூன்று.

தீர்மானம் போட்டால் பொதுமக்கள் பார்வைக்கு ஒட்ட வேண்டும். கச்சேரி ரோட்டுச் சுவர்களில் எல்லாம் கட்சி விளம்பரம். அதனால் பியூன் மைதா பசை காய்ச்சி, மரத்துக்கு ஒன்றாக நாற்பத்து நாலு அறிவிப்பையும் மரங்களிலேயே ஒட்டிவிட்டு வந்தான். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்று கீழே போட்டிருந்தோம். மக்கள் யாரும் படிக்கவில்லை. மரங்கள் படித்தன போலிருக்கிறது. அவற்றிடமிருந்தும் ஆட்சேபணை வரவில்லை.

அந்த மாசியில் ஓர் இலை விழவில்லை. பங்குனியிலும் விழவில்லை. பழைய இலைகளைப் பிடித்துக்கொண்டு, தூசி படிந்து, காய்ச்சல்காரன் போர்வையை விடாத மாதிரி மரங்கள் நின்றன. சித்திரையில் பொரி அள்ளிக் கொட்டின மாதிரி ரோட்டை மூடும் புங்கம்பூ இல்லை. வருடப்பிறப்புப் பச்சடிக்கு வேப்பம்பூ பக்கத்து ஊரிலிருந்து வாங்கினோம். “இந்த வருசம் மரத்துக்கு ஏதோ முடியல” என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்த்தார்கள். மெசின் எண்ணெய்த்துணி போர்த்திக் கிடங்கில் கிடந்தது, முப்பிடாதி விளக்குமாறும் கையுமாகப் பக்கத்துத் தெருச் சருகை அள்ளிக்கொண்டு வந்து அண்ணாச்சிக்குப் பாதை போட்டாள். நான் மட்டும் அலமாரியைத் திறந்தேன். கோப்பை எடுத்துப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், கோப்பை மூடி அலமாரியில் அடியில் வைத்தேன்.

அக்டோபர் பதினைந்து, காலை எட்டு மணி. அலுவலகத்துச் சங்கு ஊதி முடிந்த நிமிடம், நாற்பத்து நாலு மரமும் ஒன்றாக உதிர்க்க ஆரம்பித்தன. மடமடவென்று, விட்டுப்போன ஆறு மாதக் கடமையைச் செய்கிற மாதிரி உதிர்த்தன. ஒரு மணிக்கு நின்றது. இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கியது. ஐந்து மணிச் சங்கு ஊதியதும் உதிர்வது நின்றதோடு, பாதி வழியில் வந்துகொண்டிருந்த இலைகள் எங்கே இருந்தனவோ அங்கேயே நின்றுவிட்டன. ஒன்று ஆள் தலைக்கு மேல், ஒன்று இடுப்புக்கு நேர், ஒன்று தரைக்கு ஒரு சாண் உயரத்தில், ஆயிரக்கணக்கான பழுத்த இலைகள் கச்சேரி ரோட்டு முழுக்க அந்தரத்தில் அசையாமல் நின்றன, மறுநாள் காலை எட்டு மணிக்கு விட்ட இடத்திலிருந்து விழுந்து முடிப்பதற்காக.

முதல் நாள் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கினவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு வீட்டுக்குப் போக வேண்டுமே, கையால் விலக்கிக்கொண்டு நடந்தார்கள். விலக்கினால் நகர்ந்து கொடுக்கும், விட்ட இடத்தில் நிற்கும். ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், குழந்தையைத் தோளில் வைக்கக் கூடாது இடுப்பில்தான் வைக்க வேண்டும், பூக்காரிகள் கூடையைத் தலையில் ஏற்றக் கூடாது என்று தானாகவே பழக்கங்கள் உண்டாகின. ராத்திரி மழை பெய்தால் இலை விழாது, தண்ணீர் மட்டும் ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு, அடுத்த இலையிலிருந்து அடுத்ததற்கு என்று படி இறங்கி வரும். தீபாவளி அரசு விடுமுறை என்பதால் நாள் பூராவும் இலைகள் நின்றன, அவற்றுக்கு நடுவே மத்தாப்பு வெளிச்சம் நுழைந்து நுழைந்து போனது. ஒருநாள் மழைக்காக கலெக்டர் விடுமுறை என்று ரேடியோவில் சொன்னதும் உதிர்வது சட்டென்று நின்றது. அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான் என்று நான் குடை பிடித்துப் போய் மரத்தடியில் நின்று சொன்ன பிறகுதான் மறுபடி தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊரே கச்சேரி ரோட்டில்தான். அந்த இலைகளுக்கு நடுவே வேகமாக நடக்க முடியாது, சத்தமாகப் பேசவும் ஏனோ வராது. வாய்க்கால் வழக்குக்காகப் பதினாறு வருடம் கோர்ட்டு ஏறின அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வந்து, ஒருவருக்கொருவர் இலையை விலக்கி வழி விடப் போய், சமாதானமாகிவிட்டார்கள். வக்கீல்கள் முகம் சுண்டிவிட்டது. கல்யாண வீட்டார் மாப்பிள்ளை ஊர்வலத்தை இந்த ரோட்டுக்குத் திருப்பினார்கள். வேம்பு பொங்கலுக்குப் பூத்தது, காயவைத்துச் சித்திரை வரைக்கும் பத்திரப்படுத்தப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். ஒரு மாந்தோப்புக்காரர் தன் மரம் வருடத்துக்கு மூன்று முறை காய்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டிப் பார்த்தார், நகராட்சி முத்திரை இல்லாததால் மரம் கண்டுகொள்ளவில்லை. குடியரசு தினத்தில் தலைவி எனக்கு நற்சான்று கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும், மனுஷப் பிறவி எடுத்ததற்கு நான் பார்த்த அழகு அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்று தோன்றுகிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அதே வாயால் இதையும் சொல்ல வேண்டும். வருடம் முழுக்க உதிர்கிற இலை இரண்டே மாதத்தில் உதிர்ந்தால் என்ன ஆகும்? அதுவும் ஐப்பசி கார்த்திகை அடைமழையில், ரோட்டோடு அப்பிக்கொண்ட ஈர இலை? மெசினை உச்சத்தில் முடுக்கினால்தான் பெயரும். முன்பு முக்கால் மணி நேரம் ஓடின மெசின் இப்போது எட்டு மணி நேரம் முப்பிடாதியின் முதுகில் கத்தியது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் நின்றது, அவள் அசராமல் நடந்தாள். மதியம் ஒரு மணிக்கு மெசினை இறக்கிவைத்து, அந்தரத்து இலைகளுக்குக் கீழே உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறப்பாள். அந்த ஒரு மணி நேரம் ரோடு முழுக்க அப்படியொரு அமைதி. அதை அவளுக்காக எழுதிச் சேர்த்தவன் நான் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, வெட்கக்கேடு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் ஆயிற்று. அவள் காதைக் காப்பாற்ற எழுதின விதி அவள் காதைத் தின்றது. முதல் வருடம் டிசம்பரில் இரண்டு மரம். இரண்டாவது வருடம் அக்டோபர் இருபதாம் தேதி ஆசீர்வாதம் அண்ணாச்சி அவளை வலுக்கட்டாயமாகப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். திரும்பி வந்து சுவிட்ச்போர்டு முன்னால் உட்கார்ந்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. அவர் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

“ஒரு மரம், தம்பி. போனது போனதுதானாம். மெசின இறக்கிட்டா இருக்கறது நிக்குமாம். இல்லைன்னா இந்த டிசம்பரோட அதுவும் போயிரும்ங்காரு டாக்டர்.”

“வேற ஆள மாட்டச் சொல்லலாமே அண்ணாச்சி.”

“சொன்னா, வேற ஆளுக்குக் காது இல்லையா?” என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண் தெரியாதவர் பார்த்த அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. “அந்த மாசத்த எங்கேருந்து எடுத்தீய, திரவியம்? ஒண்ணரை வருசமா கேக்கணும்னு இருக்கேன்.”

சொல்லிவிட்டேன். வெளிநாட்டு ஊர், கம்ப்யூட்டர், அலமாரி அடியில் வைத்த கோப்பு, எல்லாம். அவர் திட்டுவார் என்று இருந்தேன். “ஒட்டினவுக பிரிச்சும் எடுக்கலாம்லா” என்று மட்டும் சொன்னார்.

தலைவியிடம் போனேன். “கிறுக்குப் புடிச்சிருக்கா திரவியம்?” என்றார் செண்பகவல்லி அம்மா. கெட்டவர் இல்லை, நல்ல மனுஷி. “அக்கம்பக்கத்து நகராட்சித் தலைவரெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. சனங்க சிரிச்ச முகமா நடக்குதுக. ஒரு பொம்பளைக்குக் காது மந்தமாச்சுன்னு ஊரோட சந்தோசத்தக் கலைப்பியா? அவளுக்கே மனசில்ல, கேட்டுப் பாரு.” அதுவும் நிஜம். முப்பிடாதி மெசினை விட மாட்டேன் என்றுதான் சொன்னாள். காதைப் பற்றிக் கேட்டால், “நீங்க மெதுவாப் பேசுதிய சார், அதான்” என்றாள். நான் கத்திப் பேசிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் அந்தக் கோப்பை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாவது நாள் அந்த மாதக் கூட்டத்துக்கான பொருள் பட்டியலில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன்: நகராட்சி எல்லைக்குள் பெட்ரோலால் இயங்கும் இலை ஊதும் இயந்திரத்தை எக்காலத்திலும் இயக்கத் தடை விதித்தும், முந்தைய தீர்மானத்தை ரத்து செய்தும். பொருள் எண் இருபத்தேழு. வடை வருகிற வரைக்கும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்து வடை தாமதம். இருபத்திரண்டு வரைக்கும் சண்டை ஓடியது, இருபத்து மூன்றில் தட்டுகள் வந்தன, அதற்கப்புறம் நான் வாசித்ததைத் தலைவி உட்பட ஒருத்தரும் கேட்கவில்லை. “ஒருமனதாக” என்று என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை பியூன் வர மாட்டான். நானே பசை காய்ச்சினேன், வாளியும் கையுமாகக் காலை ஒன்பது மணிக்குக் கோர்ட்டு வாசலில் தொடங்கினேன். ஊர் முழுக்க இலைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தது, புதுத்துணி உடுத்தி, பிள்ளைகளை இடுப்பில் வைத்து. “என்ன சார், ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?” என்று கேட்டார்களே தவிர ஒட்டினதை யாரும் படிக்கவில்லை. ஒவ்வொரு மரத்திலும் பழைய அறிவிப்பின் மேல் புதியதை வைத்து நீவினேன். நாற்பத்து மூன்று முடிந்தது. நாற்பத்து நாலாவது மரம் அலுவலக வாசலில் நின்ற பெரிய வாகை. அதனடியில் ஆசீர்வாதம் அண்ணாச்சியும் முப்பிடாதியும் நின்றார்கள், மெசின் இல்லாத நாள் என்பதால் அவள் சும்மா அவரோடு நடந்து வந்திருந்தாள். இலைகள் அவர் முகத்தில் படாமல் முன்னால் கையால் விலக்கிக்கொண்டே வந்திருக்கிறாள்.

கடைசித் தாளை ஒட்டி, நாலு மூலையையும் அழுத்தினேன்.

எல்லா இலையும் ஒரே நேரத்தில் விழுந்தது. அந்தரத்தில் நின்றது, மரத்தில் மிச்சம் இருந்தது, அத்தனையும். முந்தின நாள் நல்ல வெயில், காய்ந்து நொறுங்குகிற பதத்தில் நின்ற இலைகள் அவை. தார் ரோட்டில் மோதின சத்தம் கண்மாய் உடைந்த மாதிரி எழுந்து, கோர்ட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. குழந்தைகள் வீறிட்டன. நாய்கள் ஓடின. ஆசீர்வாதம் அண்ணாச்சி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். நானும் வாளியைக் கீழே போட்டுவிட்டேன்.

முப்பிடாதி மட்டும் நிமிர்ந்து நின்று, முழங்கால் உயரத்துக்குக் குவிந்த ரோட்டை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: “ஏன் சார், இம்புட்டு எலையும் ஒரு சத்தம்கூட இல்லாம விழுந்துட்டே?”

அண்ணாச்சி காதிலிருந்து கையை எடுத்தார், கேட்டிருப்பார் என்று தெரிந்தது.

ஊர் என்னை மன்னிக்கவில்லை. கடைக்காரர் பாக்கிச் சில்லறையை மேஜைமேல் வைத்தார், கையில் தரவில்லை. தலைவி என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டு, தொலைவில் வேறு நகராட்சிக்கு மாற்றி எழுதினார். முப்பிடாதி நேரே வந்து சண்டை போட்டாள். “எம் மெசினப் புடுங்கிட்டியளே கிளார்க் சார், நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?” நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன், அண்ணாச்சி முதல் மனு கொடுத்தது எதற்காக என்று. அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நாலு மரம், மூணு மரம், ரெண்டு மரம், ஒரு மரம் என்று விரல் வைத்து வாசித்தாள். வாசித்துவிட்டு அந்தக் காகிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அப்புறம் சண்டை போடவில்லை.

மாசி வந்தது. மரங்கள் தங்கள் வழக்கத்துக்கே திரும்பி, நாள் நட்சத்திரம், ஞாயிறு, விடுமுறை எதுவும் பார்க்காமல், காற்றடித்தபோதெல்லாம் உதிர்த்தன. பங்குனி முதல் வாரம் நான் பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய நாள். காலையில் சீக்கிரமே வந்து அலுவலக வாசலில் நின்றேன். ரோடு துடைத்து எடுத்த மாதிரி இருந்தது, வலது ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குச் சருகு. தூரத்தில் ஆசீர்வாதம் அண்ணாச்சி கம்பை ஊன்றி அதன்மேல் நடந்து வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் முப்பிடாதி கூட்டிக்கொண்டு வந்தாள். சரியாக நாலு மரம் இடைவெளி.

“வாங்க சார்!” என்றாள்.

அண்ணாச்சி அப்படியே நின்றார். “பாதை போட்டாச்சா?” என்றார்.

அப்போதுதான் கவனித்தேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக அலுவலகத்தைப் பார்த்துக் கூட்டி வந்தவள், இன்றைக்கு அலுவலகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோர்ட்டைப் பார்த்து நின்று, சருகைத் தன் பக்கம் இழுத்து இழுத்துக் கூட்டியபடி பின்னாலேயே நடந்து வந்தாள். அவர் வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டே, அவர் வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, இருபத்திரண்டு மரத் தொலைவும் பின்னால் காலெடுத்து வைத்து. “பாதை போட்டாச்சா” என்று அவர் வாய் அசைந்ததைப் பார்த்து, “போட்டாச்சு சார்!” என்று சத்தமாகச் சொன்னாள். வாசலில் என்மேல் முதுகு இடித்ததும் திரும்பி, என்னைக் கண்டு, விளக்குமாற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

சாயங்காலம் சுவிட்ச்போர்டு அறைக்கு விடைபெறப் போனேன். என் காலடியைக் கேட்டதுமே அண்ணாச்சி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

“நாலு மரம், திரவியம். காது திரும்பிட்டு. டாக்டர் சொன்னதெல்லாம் சும்மா.”

“ஆமா அண்ணாச்சி. நானும் பாத்தேன்.”

“அவகிட்ட ஒண்ணும் கேட்டுக்கிட வேண்டாம், என்னா? அவ பாட்டுக்குக் கூட்டட்டும்.”

சரி என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு விட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வலது ஓரத்துச் சருகை மிதிக்காமல் ரோட்டைக் கடந்து, பஸ் ஏறினேன். விளக்குமாற்றுச் சத்தத்தை வைத்தே முப்பிடாதி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும் என்பது, பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டின பிறகுதான் என் புத்தியில் தட்டியது.